சவரி அண்ணன் மேல் அக்கா போட்ட வழக்கு

ஊரில் இருக்கும் உங்களுக்கு, கடல் தாண்டி இங்கே நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. போன வருடம் ஈசூன் பகுதியில் கட்டி முடியும் நிலையில் இருந்த ஓர் அடுக்குமாடி பிளாக்கின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, நின்றிருந்த சாரப் பலகை ஒடிந்து என் அத்தான் செபஸ்தியான் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

2. அந்த வேலையைக் காண்டிராக்ட் எடுத்திருந்தவர் சவரிமுத்து. பாளையங்கோட்டைக்காரர், எங்கள் கோயில்காரர், அத்தானின் மகன் டோனிக்கு ஞானத்தகப்பன்.

3. மறுநாள், கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பலகையைத் துண்டு துண்டாக உடைத்து எரித்துவிட்டார்கள்.

4. மரண விசாரணையில் சவரி அண்ணன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

5. என் அக்கா லூர்து அவர் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள்.

6. அன்றிலிருந்து சவரி அண்ணன் எங்களோடு பேசுவதில்லை.

இந்த ஆறில் ஊரில் பேச்சாகியிருப்பது ஐந்தாவது மட்டும்தான். பெற்ற பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நின்ற மனிதர் மேலேயே கேஸ் போட்டுவிட்டாளாம் என்று பேச்சு நடப்பதாக அம்மா எழுதியிருந்தாள். போன மாதம் அத்தானுக்கு ஆண்டுப் பூசை வைத்தோம். அதற்கு வந்திருந்தவர்களில் ஒருவர் அப்போதுதான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, பணத்தாசை என்று சொல்கிறார்கள், கேட்கவே சங்கடமாக இருக்கிறது என்றார்.

நான் இங்கே ஓர் என்ஜினியரிங் அலுவலகத்தில் படம் வரைகிறேன். நாகர்கோவிலில் டிப்ளமோ படித்தபோது முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது: ஒரு கட்டடத்தை முன்பக்கத்திலிருந்து மட்டும் வரைந்து கொடுத்தால் அதை யாராலும் கட்ட முடியாது. பக்கவாட்டும் வேண்டும், மேலிருந்து பார்ப்பதும் வேண்டும். ஆகவே மற்ற ஐந்தையும் எழுதுகிறேன்.

ஒன்றும் இரண்டும்

அக்கா, டோனி, நான், மூவரும் குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய பிளாக்கில் இருக்கிறோம். அத்தான் இருந்தபோது அந்த வீட்டின் சுவர்கள் வருடத்துக்கு ஒரு நிறம். வேலையில் மிஞ்சிய பெயின்ட் எது கிடைத்ததோ அது. ஒரு வருடம் ஹால் முழுக்க மருந்துக்கடை பச்சை. அக்கா ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. இப்போது இருப்பது ஈசூன் பிளாக்கின் வெளிர் மஞ்சள். அதை மாற்றுவதைப் பற்றி இதுவரை யாரும் பேச்செடுக்கவில்லை.

சவரி அண்ணன் அறுபதுகளிலேயே இங்கே வந்தவர், இந்த நாட்டுக் குடிமகன். பெரிய காண்டிராக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய வேன், கொஞ்சம் சாரக் கம்புகள், பலகைகள், ஏழெட்டு ஆட்கள். எல்லாரும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் திங்கட்கிழமை ஒரே சாரத்தில் நிற்பார்கள்.

டோனி பிறந்தபோது அவர்தான் ஞானத்தகப்பன். நம் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய கட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் சட்டை அவர் எடுத்துக் கொடுத்தது. டோனி முதல் வகுப்பில் சேர்ந்த நாளில், அத்தானுக்கு லீவு கொடுத்ததோடு தானும் வேனை எடுத்துக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நின்றாராம். பையன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான், இவர்கள் இரண்டு பேரும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஈசூன் பிளாக்கை நான் போய்ப் பார்த்தேன். குடிவந்துவிட்டார்கள். ஜன்னல்களிலிருந்து மூங்கில் கழிகள் நீண்டிருக்கின்றன. அவற்றில் பள்ளிச் சீருடைகள், கைலிகள், ஒரு குழந்தையின் போர்வை. சுவர் நன்றாக இருந்தது. ஓரங்கள் நேராக இருந்தன.

மூன்று

பலகையை எரித்ததைப் பற்றித்தான் இங்கே நிறையப் பேச்சு. சவரிமுத்து சாட்சியை அழித்துவிட்டார் என்று இங்கே சிலர் சொன்னார்கள்.

அத்தானோடு பத்து வருடம் வேலை பார்த்த மிக்கேல் அண்ணனிடம் நான் நேரில் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அந்தப் பலகையில இன்னொருத்தன் கால் வைக்கலாமாம்மா? குப்பையில போட்டா நாய் வந்து படுக்கும். அதான் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறையும் சொல்லி எரிச்சோம். சவரி அண்ணன் ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சு நின்னாரு. சிலுவை போட்டுக்கிட்டாரு."

இதை வக்கீலிடம் சொல்லும் வேலை எனக்கு. வக்கீல் பெயர் பத்மா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச்சின் முடிவில் 'லா' போடுகிறவர். தேக்கா வட்டாரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். கீழே பூக்கடை, பக்கத்தில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தை. ஜன்னலைத் திறந்தால் மல்லிகையும் மீனும் சேர்ந்து வரும், அதனால் திறப்பதில்லை. நான் சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எரிச்சுட்டாங்களா? செபம் சொல்லி?"

"ஆமாம்."

"அந்தப் பலகைதான்மா உங்களுக்கு பெஸ்ட் விட்னஸ். மரியாதை பண்றோம்னு நெனச்சு விட்னஸையே தகனம் பண்ணிட்டாங்க லா."

அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த அக்கா மட்டும் லேசாகச் சிரித்தாள். செத்தவர்களுக்கு மரியாதை செய்வதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது என்று சொன்னாள். சவரி அண்ணன் வேண்டுமென்றே எரிக்கச் சொன்னார் என்ற பேச்சை அவள் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவளிடம் அதைச் சொல்ல வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அந்தச் சாரம் எப்படி இருந்தது என்று மிக்கேல் அண்ணனும் மற்றவர்களும் சொல்லச் சொல்ல நான் டிரேசிங் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். கம்பு எங்கே, கட்டு எங்கே, பலகையின் நீளம், மரத்தில் கணு இருந்த இடம். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து. எவ்வளவோ கட்டடங்களுக்கு வரைந்திருக்கிறேன். அந்தப் பலகையை ஒரு மெல்லிய கோடாக வரைந்தபோது ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பத்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பலகை இற்றுப்போயிருந்தது என்பதைப் படம் சொல்லாது, அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

நான்கு

எங்கள் பெரியப்பா லாரி மோதி இறந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லாரி முதலாளி வீட்டு முன்னறையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பெரியம்மா அந்த அறையில் இல்லை. பின்கட்டில் நின்றிருந்தாள். முடிந்த பிறகு ஒருவர் வந்து என்ன முடிவானது என்று அவளிடம் சொன்னார். பெரியப்பா எப்படி இறந்தார், லாரி எந்தப் பக்கம் வந்தது என்று அவளுக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இங்கே விபத்தில் யாராவது இறந்தால் மரண விசாரணை உண்டு. யாரையும் தண்டிக்க அல்ல, யாருக்கும் பணம் கொடுக்கவும் அல்ல. அந்த மனிதர் எப்படி இறந்தார் என்று கண்டுபிடிக்க மட்டும். அதற்கென்று ஒரு நீதிபதி, ஒரு மன்றம், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். கூலிக்குப் பெயின்ட் அடித்த ஒருவர் எப்படி இறந்தார் என்று தெரிந்துகொள்ள ஓர் அரசாங்கம் இத்தனை பேரை உட்கார வைத்திருப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இந்த ஊரின் சுத்தத்தைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் ஊரில் எல்லாரும் பேசுகிறார்கள். நான் வியந்தது இதைத்தான்.

சவரி அண்ணன் கூண்டில் ஏறினார். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒருவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள் என்று அண்ணனுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பலகையின் நிலை எப்படி இருந்தது என்று நீதிபதி கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் பைபிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய பலகைங்கய்யா. மாத்தித் தாங்கண்ணேன்னு செபஸ்தியான் கேட்டான். இந்த பிளாக் முடியட்டும், அடுத்த பிளாக்குக்குப் புதுசு வாங்குவோம்னு நான்தான் சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் இருந்த வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நீதிபதி அக்கா பக்கம் திரும்பி, சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணிடமும் எந்தச் சபையிலும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அக்கா எழுந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"அண்ணே, அவரு கேட்டப்போ கோவமா கேட்டாரா, சாதாரணமா கேட்டாரா?"

சவரி அண்ணனுக்கு முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"சிரிச்சிக்கிட்டேதாம்மா கேட்டான். 'அண்ணே, இந்தப் பலகைக்கு என்னைவிட வயசு கூட, இதுக்குத்தான் முதல்ல பென்ஷன் குடுக்கணும்'னான். நானும் சிரிச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் அந்தச் சிரிப்பையும் விடாமல் மொழிபெயர்த்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வந்த பிறகு பஸ் நிறுத்தத்தில்தான் அழுதாள். அவர் கடைசியாகச் சண்டை போட்டுவிட்டு மேலே ஏறவில்லை, அது போதும் என்றாள்.

ஐந்து

இது கொஞ்சம் நீளம். உங்களில் யாருக்காவது என்றைக்காவது பயன்படலாம் என்பதால் பத்மா சொன்னதை அப்படியே பிரித்து எழுதுகிறேன். சட்டத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

வேலையில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு இங்கே இரண்டு வழிகள். முதல் வழி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும். யார் மேல் தவறு என்று கேட்கவே மாட்டார்கள். வேலை செய்யும்போது இறந்தாரா, சம்பளம் என்ன, வயது என்ன, யாரெல்லாம் அவரை நம்பி இருந்தார்கள், இவ்வளவுதான். அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. விரைவாக முடியும், கட்டாயம் கிடைக்கும். ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். இரண்டாவது வழி, நீதிமன்றம். முதலாளியின் கவனக்குறைவால்தான் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், முடிய அதற்கு மேலும் ஆகலாம், தோற்கவும் தோற்கலாம். ஜெயித்தால் அட்டவணை கிடையாது. அந்தப் பையன் படித்து முடிக்கும்வரை தகப்பன் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

"ரெண்டு கதவுமா," என்றார் பத்மா. "ஒண்ணுல நுழைஞ்சு வாங்கிட்டா இன்னொண்ணு லாக் ஆயிடும். ரெண்டுலயும் போக முடியாது."

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது நம் ஊர் வழி: பேசி முடித்துக்கொள்வது. எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், பையன் மைனர் என்பதால் அவனுடைய பங்கை நீதிமன்றம் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் செல்லும் என்றார் பத்மா. தாயும் மாமனும் ஊர்ப் பெரியவர்களும் ஒத்துக்கொண்டாலும், பிள்ளைக்கு நியாயமா என்று ஒரு நீதிபதி தனியாகப் பார்ப்பாராம். பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன்.

நிரூபிக்கப் பலகை இல்லாததால் முதலில் பத்மா முதல் கதவைத்தான் சொன்னார். மரண விசாரணைக்குப் பிறகு இரண்டாவது கதவும் திறந்துகொண்டது. திறந்தவர் சவரி அண்ணன்.

அங்கேதான் சிக்கல். அந்த வாரம் கோயில்காரர்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அத்தானின் அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்கள். அவர்களில் மூத்தவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒளித்திருக்கலாம், பலகை புதுசு என்று சொல்லியிருக்கலாம், பார்க்கப் பலகையே இல்லை. அப்படி இருந்தும் உண்மை சொன்ன மனுஷனுக்கு இதுவா கூலி என்று கேட்டார். அரசாங்க அலுவலகத்தில் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாமே, யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாமே என்றார்.

அக்கா தட்டில் முறுக்கை வைத்தாள். அது அவள் வழக்கம். யோசிக்க வேண்டும் என்றால் கைக்கு ஒரு வேலை கொடுப்பாள்.

"அண்ணன் பைபிள் மேல கை வச்சு, தன் வக்கீல் பின்னால இருக்கும்போதே சொன்னாரு," என்றாள். "அது லேசான காரியமா? அத நான் கேட்டுட்டு, நல்ல மனுஷன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்துடவா? அப்போ அவரு எதுக்குச் சொன்னாரு? சும்மா காத்துல போகவா? அவரு சொன்னதுக்கு நான் குடுக்குற மரியாதை, அத எடுத்துக்கிட்டு அடுத்த படி போறதுதான்."

மூத்தவர் முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அவள் இதைச் சுலபமாக முடிவு செய்தாள் என்று நினைக்காதீர்கள். முதல் கதவு எங்களுக்கு எவ்வளவு வசதி என்று அவளுக்குத் தெரியும். அத்தான் போன பிறகு அவள் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சின்னக் கம்பிகளைப் பற்றவைத்துவிட்டு வந்து, வீட்டில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள். அவசரமாகத் தேவைப்பட்ட காலத்தில் அவள் காத்திருக்கத் தீர்மானித்தாள். இன்னொரு பக்கமும் இருந்தது: சட்டப்படி முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும், அண்ணனும் எடுத்திருந்தார், ஆகவே பணம் கொடுக்கப்போவது கம்பெனி. ஆனால் வழக்கில் பெயர் அவருடையது. பெரிய காண்டிராக்டர்கள் அந்தப் பெயரைப் பார்த்தால் அடுத்த வேலையைக் கொடுக்கத் தயங்குவார்கள். இதை பத்மாவே மறைக்காமல் சொன்னார். அக்கா அதையும் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துக்கு முன் ஒரு சின்ன அலைச்சல். அத்தானின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே மனிதர்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தோம். பாளையங்கோட்டைக் கோயில் பங்கு அலுவலகத்திலிருந்து கல்யாணச் சான்றிதழ் கேட்டவுடன் வந்தது. அதற்கு உதவிய எல்லாருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

ஆறு

வழக்குப் போட்ட பிறகு எதிர்த் தரப்பின் பதில் வந்தது. சவரிமுத்துவின் பெயரில், இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல்கள் எழுதியது. வீட்டில் கனமான ஆங்கிலத்தை வேகமாகப் படிக்கிறவன் டோனிதான். பதின்மூன்று வயது. தமிழில் செபம் சொல்லும்போது வார்த்தைகள் முட்டுகின்றன. ஆங்கிலத்தில் அருவி மாதிரி போகிறான். நான் வேலையிலிருந்து வருவதற்குள் அவன் அதைப் படித்துவிட்டிருந்தான்.

"அம்மா, அப்பா கேர்லெஸ்னு எழுதியிருக்காங்க," என்றான். "பலகை ஓல்டுனு தெரிஞ்சே ஏறுனாராம். ஜோக்கெல்லாம் அடிச்சாராம். சோ அப்பா மேலயும் ஃபால்ட்."

அக்கா நின்றுவிட்டாள். விசாரணையில் அவள் தன் மன ஆறுதலுக்குக் கேட்ட ஒரு கேள்வி. அதற்கு வந்த பதில் அத்தானுக்கு எதிராகத் திரும்பி வந்திருந்தது. அவருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அவருடைய சிரிப்பே சாட்சி. இறந்தவரும் கவனக்குறைவாக இருந்தார் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு குறையும். இப்படி எழுதுவது எல்லா வழக்கிலும் வழக்கம்தான் என்று பத்மா பிறகு விளக்கினார். அன்று சாயங்காலம் எங்களுக்கு அது தெரியாது.

"அங்கிள் இப்படிச் சொல்லலாமா?" என்றான் டோனி.

"அது அங்கிள் எழுதுனது இல்லடா."

"நேம் போட்டிருக்கு."

"நேம் இருக்கும். அவருக்கு இங்கிலீஷ்ல பால் பாக்கெட் வாங்கக்கூட வராது. இத்தனை பக்கம் எங்க எழுதப் போறாரு?"

நான் சிரித்துவிட்டேன். டோனி சிரிக்கவில்லை. அவனுக்கு உறுதிபூசுதல், அதாவது ஞானஸ்நானத்தை உறுதி செய்யும் சடங்கு, நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட நண்பர்களோடு ஆங்கில ஞானோபதேச வகுப்புக்குப் போகிறான். பின்னால் நின்று தோளில் கை வைக்க ஒரு ஞானத்தகப்பன் வேண்டும்; ஞானஸ்நானத்தில் நின்றவரே நின்றால் நல்லது என்று சாமியார் சொல்லியிருந்தார். டோனி தன் பள்ளி ஆசிரியர் ஒருவரை ஏற்கெனவே மனதில் வைத்திருந்தான். சவரி அங்கிள் வேண்டாம் என்று அக்காவிடம் இல்லை, என்னிடம் சொன்னான். சித்தி சொன்னால் அம்மா கேட்பாள் என்று நினைப்பு.

சவரி அண்ணனோ எங்களைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். வழக்குத் தொடுத்தவர்களோடு பேசக் கூடாது, எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, மீறினால் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வழக்கைப் பற்றிப் பேசாதே என்றுதான் அதன் அர்த்தம். அவர் அதை எதுவுமே பேசாதே என்று எடுத்துக்கொண்டார். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போனார், இறுதி ஆசீர் முடியும் முன்பே எழுந்து போனார். ஒருநாள் அவர் மனைவி கோயில் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனார். குற்ற உணர்ச்சி என்றார்கள் சிலர், கோபம் என்றார்கள் சிலர். பயம் என்று அக்கா மட்டும்தான் சொன்னாள்.

டோனி விஷயத்தை நான் அவளிடம் சொன்னேன். அவள் அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"அப்பா பலகையை மாத்தச் சொல்லிக் கேட்டாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"கோர்ட்ல சொன்னாங்க."

"யாரு?"

"அங்கிள்."

"அங்க எத்தனை பேர் வந்து சாட்சி சொன்னாங்க. வேற யாராவது அதச் சொன்னாங்களா?"

டோனி யோசித்தான். "இல்ல."

"அவங்களுக்கெல்லாம் தெரியாது. அப்பா கேட்டது அவரு ஒருத்தர்கிட்டதான். அவரு சொல்லாம விட்டிருந்தா அந்த வார்த்தை அப்பாவோடயே போயிருக்கும். அவரால அப்பா செத்தாரு. அதுக்குக் கோர்ட் இருக்கு. உன் பின்னால நிக்கறதுக்கு, அந்த மாதிரி உண்மை சொல்ற வேற ஆளு இருந்தா சொல்லு, கூப்பிடுவோம்."

டோனி ஆசிரியரின் பெயரை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஏழு

முதலில் எழுதிய வரிசையில் இது இல்லை. அப்போது இதற்கு எண் கொடுக்க மனம் வரவில்லை.

ஆண்டுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது சவரி அண்ணன் படியிறங்கி வேன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அக்கா வேகமாக நடந்து போய் முன்னால் நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். மிக்கேல் அண்ணன் பதறி என் பக்கம் வந்தார்.

"அண்ணே, நீங்க பேச வேணாம்," என்றாள் அக்கா. "நான் மட்டும் பேசுறேன். டோனிக்கு உறுதிபூசுதல் வருது. நீங்கதான் நிக்கணும்."

அவர் கையை விரித்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வேன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். கேஸ் பத்தித்தான் பேசக் கூடாதாம். கோயில்ல நிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையாம். உங்க வக்கீல்கிட்ட நீங்களும் கேட்டுக்கோங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சடங்குல உங்களுக்குப் பேசற வேலையே கிடையாதுண்ணே. தோள்ல கை வைக்கிறதுக்கு வாய் எதுக்கு?"

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எங்களுக்கு நிச்சயமில்லை.

உறுதிபூசுதல் அன்று கோயில் நிறைந்திருந்தது. டோனி வெள்ளைச் சட்டையில் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற பையன்களின் பின்னால் எல்லாம் ஆள் நின்றார்கள். டோனிக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முதல் வகுப்பில் சேர்ந்த நாளில் திரும்பிப் பார்க்காத பையன்.

வரிசை நகர்ந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாகச் சவரி அண்ணன் வந்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து டோனிக்குப் பின்னால் நின்றுகொண்டார். வலது கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தார். நகக்கண்களில் வெளிர் பச்சை பெயின்ட். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை போலிருக்கிறது. வேலை இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உறுதிபூசுதலுக்கு எடுத்துக்கொள்ளும் புதுப் பெயர் என்ன என்று ஆயர் கேட்டார். "செபஸ்தியான்," என்றான் டோனி. ஆங்கிலப் பூசையில், ஆங்கில வகுப்புப் பையன், அப்பாவின் பெயரை ஊர்க்காரர்கள் சொல்வது போலவே சொன்னான். ஆயர் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு அந்தப் பெயரையே திருப்பிச் சொல்லி நெற்றியில் எண்ணெய் பூசினார். சவரி அண்ணனின் விரல்கள் வெள்ளைச் சட்டையை இறுகப் பிடித்திருந்தன. அக்கா அழவில்லை. நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், விசாரணையில் எழுந்து நின்றாளே, அதே மாதிரி.

முடிந்ததும் அவர் வந்த கதவு வழியாகவே போய்விட்டார். டோனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டான். "அங்கிள் கை ரொம்ப வெயிட், சித்தி," என்றான்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எவ்வளவோ கெட்டிக்காரர்களைப் பார்க்கிறேன். எந்தத் தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்கள். ஒரே மனிதரைப் பிரதிவாதியாகவும் தன் பிள்ளையின் ஞானத்தகப்பனாகவும் வைத்துக்கொண்டு, இரண்டில் எதையும் குறைத்துக்கொள்ளாமல் நடக்கிற ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அது அவளுக்கு எப்படி முடிகிறது என்பதற்கு என்னிடம் படம் இல்லை.

இன்றைய நிலை இது. வழக்கு நிலுவையில் இருக்கிறது. விசாரணைத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை. எதிர்த் தரப்பு தங்கள் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கா வழக்கைத் திரும்பப் பெறவில்லை, பெறவும் மாட்டாள். சவரி அண்ணன் எங்களோடு இன்னும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சை விட்டுவிட்டு, எங்களுக்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருகிறார்.